பெட்டி கத்திய இடங்கள்

பூமிக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், கோடிக்கணக்கான வருஷங்களாகப் பாறையின் நுண்துளைகளில் உப்பு நீரோடும் வாயுவோடும் அடைபட்டுக் கிடந்துவிட்டு, கிணறு இறக்கியதும் மேலேறி வருகிற கச்சா எண்ணெய், அந்தப் பாறையின் சுபாவத்தையும் சிறிது கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது என்ற விஷயம், எண்ணெய் வாடையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் வடசென்னைக்காரர்களுக்கு அநேகமாகத் தெரியாது. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. எங்களுக்கு எண்ணெய் என்பது துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கி, குழாய் வழியே மணலிக்குப் போய், தண்டையார்பேட்டைத் தொட்டிகளில் தங்கி, டாங்கர் லாரிகளில் ஏறி எண்ணூர் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிற ஒரு வஸ்து. மணலி ஆலை 1965-இல் இந்திய சர்க்காரும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் கூட்டாகத் தொடங்கிய ஸ்தாபனம். 1969-இல் ஓடத் தொடங்கிற்று. நம் நாட்டுக் கிணற்றைப் பார்க்க வேண்டுமானால் நாகப்பட்டினத்துப் பக்கம் நரிமணத்துக்குத்தான் போகவேண்டும். ஆகவே, எண்ணெய் பிறக்கும் இடத்தில் நேர்கிற ஒரு காரியத்தை, எண்ணெயே பிறக்காத திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது, என் தொழிலினாலும், பழைய இரும்புக்கு ஊர் எல்லை கிடையாது என்பதனாலும்தான்.

தொழில் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. வெல்டிங் செய்த குழாய்களையும் கொதிகலன்களையும் படம் பிடித்து, உள்ளே வெடிப்போ குமிழோ இருக்கிறதா என்று சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மற்ற ஆட்களெல்லாம் சாப்பிட்டு வீட்டுக்குப் போன பின், கயிறு கட்டிச் சிவப்பு விளக்கு மாட்டி, இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை ஈயப் பெட்டியிலிருந்து நீண்ட கம்பியின் முனையில் வெளியே தள்ளி, குறித்த நிமிஷங்கள் கழித்துத் திரும்ப இழுத்துக்கொள்ளுகிற இராக்காலப் பிழைப்பு. சைட்டில் எங்களுக்கு எக்ஸ்ரேக்காரர்கள் என்று பெயர். சட்டைப்பையில் குத்திக்கொள்ளும், எங்கள் மேல் பட்ட கதிரைக் கணக்கு வைக்கும் டி.எல்.டி. பேட்ஜும், கையில் கதிரை அளக்கும் ஒரு சர்வே மீட்டரும் இல்லாமல் நாங்கள் எங்கும் போவதில்லை, போகவும் கூடாது.

எனக்கு அந்த மீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் காசிமேட்டுப் பெரியவர் ஒருவர். படிப்பு அதிகமில்லை, ஆனால் அளப்பதில் அவருக்கிருந்த நியமம், பின்னால் நான் பார்த்த பல பட்டதாரிகளிடம் இல்லை. காலையில் மீட்டரை எடுத்தவுடன் பாட்டரியைப் பார்ப்பார். அப்புறம் தம் பையிலிருந்து, பாலிதீன் உறையில் ஒட்டிவைத்த ஒரு பெட்ரோமாக்ஸ் மேன்டிலை எடுத்து மீட்டரின் முகத்தருகே காட்டுவார். மீட்டர் கடகடவென்று சப்தம் போடும். இரவு மீன்பிடிக்கப் போகும் படகுகளிலும் கல்யாண ஊர்வலங்களிலும் எரிந்த அந்த மேன்டிலில் தோரியம் உண்டு. அதற்காகத்தான் ஜெர்மானியரான ஷாம்பர்க் என்ற ரசாயனி 1909-இல் நம் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் மணலைக் கண்டுபிடித்தார் என்பது ஒரு தனிக் கதை. பெரியவருக்கு அந்தக் கதை தெரியாது. மேன்டிலுக்குக் குரல் கொடுக்காத மீட்டரை நம்பக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

அவருடைய இரண்டாவது நியமம் இன்னும் முக்கியமானது. எந்த யார்டுக்குப் போனாலும், கேட்டுக்கு வெளியே நின்று, மீட்டரை இடுப்புயரத்தில் பிடித்து, முள் ஆடி அடங்கும் வரை பொறுத்து, அந்த எண்ணை முதலில் எழுதச் சொல்லுவார். “வாசல் கணக்கு எழுதாதவன் உள்ளே போய் எதை எழுதினாலும் அது கணக்கே இல்லைப்பா” என்பார். கதிரியக்கம் சூனியமாக இருக்கிற இடம் இந்தப் பூவுலகில் கிடையாது. வானத்திலிருந்து வருகிறது, மண்ணிலிருந்து வருகிறது, நாம் உண்ணும் உணவிலிருக்கும் பொட்டாசியத்திலிருந்து வருகிறது. உலகத்தில் சராசரியாக ஒரு மனிதன் இயற்கையிடமிருந்து மட்டும் வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொள்ளுகிறான். அதுவும் எங்கும் ஒரே அளவில் இல்லை. கடற்கரை வெண்மணலில் ஓர் எண், கருமணல் கோடு போட்ட இடத்தில் வேறோர் எண், கோயில் கல் மண்டபத்துக்குள் இன்னோர் எண். எங்கள் பக்கத்துச் சாதாரண தெருவில் எங்கள் பழைய மீட்டர் மணிக்குச் சுமார் பத்து மைக்ரோ ரான்ட்ஜன் காட்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல், இருபது என்ற முள்ளைப் பார்த்துப் பயப்படுகிறவனும், இருநூறு என்ற முள்ளைப் பார்த்துச் சிரிக்கிறவனும் சமமான அறிவுடையவர்களே.

2005-ஐ ஒட்டிய வருஷங்களில், மணலிச் சாலையிலிருந்து உள்ளடங்கிய ஒரு காயலான் கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டார். கடை என்றா சொல்வது? ஒரு ஏக்கருக்குக் குறையாத யார்டு. கப்பலை உடைத்த தகடும், பழைய வால்வும், துருப்பிடித்த சங்கிலியும், மூட்டை மூட்டையாகப் போல்ட்டும் மலைபோல் கிடந்தன. ஏலத்தில் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்த பழைய கிணற்றுக் குழாய்களை ஒரு வாங்குபவர் கேட்டிருக்கிறார். ஆனால் கதிரியக்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் எடுப்பாராம். எந்த வயலின் குழாய் என்று காகிதத்தில் இல்லை. உபயோகித்த குழாய், இத்தனை டன், அவ்வளவுதான். “ஒரு ஃபார்மாலிட்டி சார், சும்மா வந்து பார்த்துட்டு எழுதிக் குடுங்க” என்றார் முதலாளி. வந்து பார்த்ததுதான் சும்மா முடியவில்லை.

அதைச் சொல்லுமுன், அந்தக் குழாய்க்குள் என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பாறையில் யுரேனியமும் தோரியமும் எங்கும் சிறிதளவு உண்டு. எண்ணெய் இருக்கிற ஆழத்தில் பிராணவாயு இல்லாதபடியால் அவை இரண்டும் பாறையைவிட்டு அசைவதில்லை. ஆனால் அவற்றின் வம்சத்தில் பிறக்கிற ரேடியம் அங்குள்ள உப்பு நீரில் கரைந்துவிடும். எண்ணெயோடு அந்த நீரும் மேலே வருகிறது. வரும் வழியில் அழுத்தம் குறைகிறது, உஷ்ணம் குறைகிறது. கிணற்றில் அழுத்தம் ஏற்றுவதற்காகக் கடல்நீரைச் செலுத்தியிருந்தாலோ, அந்தக் கடல்நீரின் சல்ஃபேட்டும் பாறை நீரின் பேரியமும் சந்தித்து, தண்ணீரில் கரையாத பேரியம் சல்ஃபேட்டாகிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளுகின்றன. ரசாயன குணத்தில் ரேடியம் பேரியத்துக்கு உடன்பிறப்பு. ஆகவே அதுவும் கூடவே ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்து உப்புக் கிணற்று நீரை நாள்தோறும் காய்ச்சிய வெந்நீர்த் தவலைக்குள் வெள்ளையாகக் காரை ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எண்ணெயில் ரேடியம் மிகக் குறைவே. தோஷமெல்லாம் தண்ணீரோடு வந்து காரையிலும், எண்ணெயையும் நீரையும் பிரிக்கிற கலத்தின் அடிச் சகதியிலும் தங்கிவிடுகிறது. கிணறு வயதாக ஆக எண்ணெய் குறைந்து நீர் பெருகும், காரையும் பெருகும்.

விஞ்ஞானிகளுக்கு இது புதிதல்ல. 1904-லேயே டொராண்டோவில் பர்ட்டன் என்பவர் கச்சா எண்ணெயிலிருந்து கதிரியக்க வாயு வருவதைப் பதிவு செய்திருக்கிறார். எண்ணெய்த் தொழிலில் உள்ளவர்களுக்கும் பாறையின் இயற்கைக் கதிரியக்கம் பழைய சிநேகிதன்தான். கிணற்றுக்குள் காமா மானியை இறக்கி, முள் ஏறினால் களிப்பாறை, இறங்கினால் மணற்பாறை என்று தளம் தளமாகக் கண்டறிகிற வழக்கம் அவர்களுடையதே. ஆயினும், அதே கதிரியக்கம் குழாயில் படிந்து வீட்டுக்கு வந்து சேரும் என்பதில் தொழிலுக்குக் கவனம் வந்தது, 1981-இல் வட கடலின் எண்ணெய் மேடைகளில் அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான். லாபத்துக்கு உதவிய அளவை வெகு முன்பே கண்ணில் பட்டது. உடம்புக்கு உதவும் அளவைக்கு எழுபத்தேழு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது என் அபிப்பிராயம்.

யார்டுக்குள் குழாய்களை அடுக்கடுக்காகக் கட்டையின் மேல் போட்டிருந்தார்கள். வெளிப்புறம் நெடுக மீட்டரை ஓட்டிப் பார்த்ததில் பெரும்பாலான அடுக்குகள் வாசல் கணக்கையே திருப்பிச் சொல்லின. சுவரோரத்து அடுக்கில் ஒன்று மட்டும், குழாயின் பக்கவாட்டிலேயே முள் மூன்று மடங்காகி, திறந்த வாயருகே கொண்டுபோனவுடன் இருபது மடங்கில் போய் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். துருவுக்கு உட்பக்கமாக, சாம்பல் கலந்த வெண்மையில், விரற்கனத்துக்குக் காரை. சில இடங்களில் வளையம் வளையமாக, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வரி எழுதினாற்போல. தரையில் அதே காரை சில்லுச் சில்லாகச் சிதறிக் கிடந்தது. சிதறடித்தவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்; இருபத்தைந்து வயதிருக்கும், எர்ணாவூர்ப் பையன். குழாய் எடை குறைந்தால் லாரிக் கூலி மிச்சம் என்று உளியையும் சுத்தியலையும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

“இன்னா சார், டிரான்சிஸ்டரா? பாட்டு வருமா?” என்று முதலில் சிரித்தவன், சப்தம் நிற்காததைப் பார்த்து, “பெட்டி இந்தக் கத்து கத்துதே, இன்னா சார் சொல்லுது?” என்றான்.

என்ன சொல்லுகிறது என்று அவனுக்குச் சொல்லுவது எளிதாயில்லை. கணக்கு இதுதான்: குழாயின் வாயை ஒட்டி அந்த இருபது மடங்கு என்பது மணிக்குச் சுமார் 2 மைக்ரோசீவர்ட். தினம் எட்டு மணி நேரம், வருஷத்தில் முந்நூறு நாள், அந்த வாயிலேயே முகத்தை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தாலும் 5 மில்லிசீவர்ட்டை எட்டாது. பொதுஜனங்களுக்கு விதித்த 1 மில்லிசீவர்ட்டைவிட அதிகம். என்னைப் போன்ற கதிரியக்கத் தொழிலாளிக்கு விதித்த 20-ஐவிட வெகு குறைவு. இவ்வளவையும் மீட்டர் ஒப்புக்கொள்ளும். மீட்டர் ஒப்புக்கொள்ளாத பாகம் ஒன்று உண்டு. ரேடியமும் அதன் சந்ததியும் வெளிவிடும் ஆல்ஃபா கதிருக்கு ஒரு காகிதத்தைக்கூடத் துளைக்கச் சக்தியில்லை. குழாய்ச் சுவரைத் தாண்டி அது வராது, எங்கள் மீட்டருக்கு அது தெரியவும் தெரியாது. உளி பட்டுப் பறக்கிற தூசியோடு மூச்சில் புகுந்து நுரையீரலில் உட்கார்ந்த பிறகு, அதற்குத் துளைக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே முள்ளைப் பார்த்துப் பயப்படவேண்டிய அளவுக்கு மேல், அவன் முகத்தில் படிந்திருந்த வெள்ளைத் தூசியைப் பார்த்து நான் பயந்தேன்.

“தம்பி, இதை இனிமேல் தட்டாதே. தட்டினதையும் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் அள்ளவேண்டும். சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, இந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போகாதே” என்றேன். அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார். “எழுத்துல மட்டும் குடுத்துடாதீங்க சார், மொத்த லாட்டும் நின்னுடும்” என்று மெதுவாகச் சொன்னார். அவரைக் கொடியவர் என்று சொல்லமாட்டேன். யாரோ கிணற்றில் படியவிட்டு, யாரோ கழித்துக்கட்டி, யாரோ ஏலம் போட்டு, பேப்பரில் ஒரு சொல்கூட இல்லாமல் தம் தலையில் இறக்கிய சுமைக்குத் தாம் ஒருவர் மட்டும் ஏன் பதில் சொல்லவேண்டும் என்பது அவர் நியாயம். அந்த நியாயத்தின் கடைசிப் படியில்தான் உளியோடு எர்ணாவூர்ப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அடுத்தபடி கிடையாது. எழுதித்தான் கொடுத்தேன்.

முள் சொல்லுவது எவ்வளவு என்பதை மட்டுமே. எது என்பதைச் சொல்ல அதற்கு வாயில்லை. ஆகவே ஈரத்துணியில் ஒற்றி எடுத்த காரையில் ஒரு பிடியை உலர்த்திப் பொடித்து, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றிப் பெரியவர் கையாலேயே எம்-சீல் பூசி, நகரின் தென்கோடியிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே திரவ நைட்ரஜனில் குளிர வைத்த ஜெர்மேனியம் கருவி ஒன்று, ஒவ்வொரு கதிரின் சக்தியையும் தனித்தனியே பிரித்துக் கோடு கோடாகக் காட்டும். நான் உடனே முடிவு கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். டப்பாவை வாங்கி, தேதி எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். காரணம் சூட்சுமமானது. ரேடியம்-226 தானே காட்டுகிற 186 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்ற கோட்டின் மேலேயே யுரேனியம்-235-ம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே ரேடியத்தை விட்டுவிட்டு அதன் பேரப்பிள்ளைகளான ஈயம்-214-ஐ 352-லும், பிஸ்மத்-214-ஐ 609-லும் பார்த்து, அவற்றைக்கொண்டு பாட்டனின் சொத்தைக் கணக்கிடுகிறார்கள். நடுவிலிருக்கும் ரேடானோ வாயு. டப்பாவில் விரிசல் இருந்தால் ஓடிப்போகும், பேரப்பிள்ளைகளும் குறைந்துபோவார்கள். ரேடானின் அரையாயுள் 3.8 நாள், காற்றுப் புகாமல் மூன்று நான்கு வாரம் அடைத்து வைத்தால்தான் குடும்பம் முழுதும் சமநிலைக்கு வரும். அவசரப்பட்டு அளந்தால் குறைவாகத்தான் அளப்போம். எம்-சீல் பூசியதில் எங்கள் பெரியவர் காட்டிய சிரத்தைக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

முடிவு வந்தபோது, இத்தகைய பொருள்களைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர யோசிக்கவேண்டிய எல்லையாகச் சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் கிராமுக்கு 1 பெக்கரல் என்ற அளவை அந்தக் காரை தாராளமாகத் தாண்டியிருந்தது. தோரியம் வம்சத்து ரேடியம்-228, தன் சந்ததியின் வழியே 911-இல் காட்டவேண்டிய கோடு மட்டும் மங்கலாயிருந்தது. ரேடியம்-226-க்கு அரையாயுள் 1,600 வருஷம். 228-க்கோ ஆறு வருஷத்துக்கும் குறைவு. குழாய் கிணற்றைவிட்டு வந்து வெகு காலம் பல யார்டுகளில் கிடந்திருக்க வேண்டும் என்று ஊகித்தோம். அப்படியானால் எத்தனை பேர் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்திருப்பார்கள்! அந்த அடுக்கின் இரு வாய்களையும் பாலிதீன் சுற்றி அடைத்து, கயிறு கட்டித் தனியே ஒதுக்கச் செய்தோம். சிதறிய சில்லையும் ஈரத்தோடு அள்ளி டிரம்மில் போட்டோம். விஷயம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போகவேண்டியது என்று எழுதிவிட்டு நாங்கள் விலகிக்கொண்டோம். பையன் சில மாதங்களில் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

அதன் பிறகு எண்ணூர்ப் பிரதேசத்தில் எங்கே போனாலும் வேறு கண்ணோடு பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. சமையல் வாயு கையாளும் ஓர் இடத்தில் கழற்றிப்போட்ட பம்பு ஒன்று வெளியே வாசல் கணக்கைத்தான் காட்டிற்று. அது என்னை ஏமாற்றவில்லை. ரேடானின் கொதிநிலை மைனஸ் 62 டிகிரி. ஈதேனுக்கும் புரோப்பேனுக்கும் நடுவில் விழுகிறபடியால், வாயுவைப் பிரிக்கும்போது அது புரோப்பேன் பக்கம் சேர்ந்துகொண்டு, சில நாளில் அழிந்து, இருபத்திரண்டு வருஷ அரையாயுளுள்ள ஈயம்-210-ஐ உள்ளே கண்ணுக்குத் தெரியாத பூச்சாக விட்டுப்போகும். அந்த ஈயத்தின் காமா மிகவும் சோனி. இரும்பைத் தாண்டி வராது. பம்பைத் திறந்து, மெல்லிய முகமுள்ள தட்டையான புரோபை உள்ளே காட்டினால்தான் சங்கதி வெளிவரும். அன்று திறந்து காட்டியதில் முள் இலேசாகவே அசைந்தது. அரத்தால் தேய்க்கவேண்டாம் என்று ஃபிட்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

எண்ணூர் உரத் தொழிலின் ஜிப்சம் குவியலும், அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளமும் வேறு ஜாதி. பாஸ்பேட் பாறையின் ரேடியம் ஜிப்சத்தில் போய்ச் சேருகிறது. நிலக்கரியின் கரி எரிந்து தொலைந்தபின் அதிலிருந்த யுரேனியமும் தோரியமும் சாம்பலில் செறிகின்றன. குழாய்க்காரையைப்போல் இவை செறிவாயில்லை. ஆனால் காரை டிரம் கணக்கு, இவை மலைக் கணக்கு. செப்பாக்கத்துப் பக்கம் சாம்பல் பறக்கிற நாளில், “இதுலயும் அது இருக்கா சார்?” என்று கேட்டவர்களுக்கு, இருக்கிறது, சாதாரண மண்ணைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், உங்கள் மூச்சைத் திணறடிப்பது கதிரியக்கமல்ல, சாம்பலேதான் என்று உள்ளதைச் சொன்னேன். கதிரியக்கம் என்ற சொல்லுக்கிருக்கிற பயங்கரத்தில், கண்ணெதிரே பறக்கிற தூசியை ஜனங்களும் அதிகாரிகளும் மறந்துவிடுவது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

2010-இல் டில்லி மாயாபுரியில், ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் கழித்த கருவியிலிருந்த கோபால்ட்-60 பழைய இரும்புக் கடைகளில் உடைபட்டு, தொழிலாளி ஒருவர் மாண்டுபோனார். அது இயற்கைக் கதிரியக்கமல்ல. இதனோடு ஒப்பிடவே முடியாத தீவிரம். என்றாலும் நாடெங்கும் காயலான் கடைக்காரர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. மணலிச் சாலை முதலாளி, என் சீட்டைக் கண்டு முகம் சுளித்த அதே மனிதர், சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கினார். நான் ஓய்வு பெற்ற பிறகும் போன் செய்வதுண்டு. கடைசியாகச் செய்தபோது குரலில் பதற்றம்: லோடு இறக்கிய இடத்தில் முள் இரண்டு பங்கு காட்டுகிறதாம், இரும்பைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டார்.

“வாசல்ல எவ்வளவு இருந்தது?” என்றேன்.

பார்க்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு அரைமணி கழித்துக் கூப்பிட்டார். வாசலிலும் அதே இரண்டு பங்குதான். மதில் ஓரமாகத் துறைமுகத்திலிருந்து வந்த உர லாரி ஒன்று டயர் பஞ்சராகி நிற்கிறதாம். மூட்டையில் என்ன என்று டிரைவரிடம் விசாரிக்கச் சொன்னேன். பொட்டாஷ். இயற்கைப் பொட்டாசியத்தில் பொட்டாசியம்-40 எப்போதும் உண்டு, லாரி நகர்ந்ததும் முதலில் வாசலிலும் பிறகு உள்ளேயும் மறுபடி அளந்து பாருங்கள் என்று சொல்லி வைத்தேன்.